அம்மாசிக்கு வந்த போன்

வாழவந்தி ஐயாக்கண்ணுவிடம் ஒரு சேதியை ஒரே தடவை சொல்லிவிட்டுத் தப்பித்துவிட முடியாது. "பஸ் வந்துடுச்சுங்க" என்று யாராவது சொன்னால்கூட சொன்ன ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். "இன்னொருக்கா சொல்லு" என்பார். சொல்ல வேண்டும். இரண்டு தடவையும் ஒரே மாதிரி வந்தால்தான் அவருக்கு அது சேதி. முதலில் "வந்துடுச்சு" என்றவன் அப்புறம் "வந்து நிக்குது" என்றால் போச்சு. "ஏன் மாத்திப் பேசற?" என்று ஆரம்பித்துவிடுவார். இப்படியே அவர் தவறவிட்ட பஸ்கள் கொஞ்சநஞ்சமில்லை.

காபிக்கொட்டை வாங்க வருகிற வியாபாரியின் தராசைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். தன் தோட்டத்துப் பலாப்பழத்தைத் தானே பறித்துக்கொண்டு வந்து, வழியில் யாரும் மாற்றிவிடவில்லையே என்று ஊட்டு வாசலில் வைத்து மறுபடி தட்டிப் பார்ப்பார். தாலி கட்டும்போதுகூட "இந்தப் பொண்ணுதானா?" என்று இரண்டு தரம் கேட்டாராம். கேட்கப்பட்ட கண்ணம்மாள் இருபத்தாறு வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் தன் மூத்த மகனை வெளிநாட்டுக்கு அனுப்பினார் என்றால் ஊரே மூக்கில் விரல் வைக்காமல் என்ன செய்யும்?

எண்பத்து நாலாம் வருஷம். சேலத்திலிருந்து ஓர் ஏஜென்ட் ஏற்காடு மலைக்கு வந்தான். மஸ்கட்டில் பெரிய ஓட்டல், அதற்குப் பெரிய தோட்டம், செடி கொடி தெரிந்த மலையாட்கள் வேண்டும் என்றான். எஸ்டேட் பங்களாவில் பூந்தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த சித்தனுக்கு ஆசை வந்தது. அவன் தம்பி சடையனுக்கு அதைவிட ஆசை. ஐயாக்கண்ணு ஒரு மாதம் அந்த ஏஜென்ட்டின் பேச்சில் ஓட்டை தேடினார். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாக உறுத்தியது. ஓட்டையே இல்லாமல் ஒருத்தன் எப்படிப் பேச முடியும்?

கடைசியில் சித்தனே வழி சொன்னான். "மொதல்ல நான் போறனுங்கப்பா. சொன்னது நெசமான்னு பாத்துச் சொல்றன். நெசம்னா மூணு மாசத்துல தம்பி வரட்டும். இல்லைன்னா ஒருத்தனோட போவட்டும்."

அந்த 'ஒருத்தனோட போவட்டும்' ஐயாக்கண்ணுவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆனால் அவர் வாயில் வந்தது வேறு. "பாத்துச் சொல்றன்னு சொல்றியே, எப்படிச் சொல்லுவ?" என்றார்.

நியாயமான கேள்விதான். அடுத்த இரண்டு வாரம் ஐயாக்கண்ணு காபித் தோட்டத்தை மறந்து இதிலேயே இறங்கிவிட்டார். கடுதாசி போடலாம் என்றான் ஏஜென்ட். எழுதிக் கம்பெனி ஆபீசில் கொடுத்தால் அவர்களே தபாலில் சேர்த்துவிடுவார்களாம். எதற்காக அவர்கள் சேர்க்க வேண்டும்? பிரித்துப் பார்க்கத்தானே? கடுதாசி தள்ளுபடி. தந்தி கொடுத்தால் அது இங்கிலீஷில் வரும். தபாலாபீசில் ஒருத்தர் படிக்க, எஸ்டேட் ரைட்டர் ஒருத்தர் அர்த்தம் சொல்ல, வாழவந்திக்கு வருவதற்குள் அடிவாரத்துக் குப்பனூர் வரை தெரிந்துவிடும். கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவது என்றால் யாரிடம் கொடுத்தனுப்புவது? கொண்டுவருகிறவன் வழியில் போட்டுக் கேட்கமாட்டான் என்று என்ன நிச்சயம்?

மிச்சம் இருந்தது போன். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மெஸ் நடத்தும் காமாட்சியிடம் போன் இருந்தது. சேலம் அம்மாபேட்டைக்காரி, புருஷன் இறந்தபின் தனியாகவே மெஸ்ஸைத் தூக்கி நிறுத்தியவள். போய்க் கேட்டார்.

"அங்கிருந்து கூப்புட்டா மூணு நிமிசத்துக்குக் குறைஞ்சு கணக்கு இல்லீங்க" என்றாள் காமாட்சி. "ஒருக்கா பேசினா அரை மாசச் சம்பளம் போயிருமுன்னு சொல்றாங்க. பேசாம பிப்பீ கால் போடச் சொல்லுங்க."

"அதென்ன பிப்பீ?"

"ஆளு பேரைச் சொல்லிக் கூப்புடறதுங்க. ஆப்பரேட்டர் மொதல்ல கேப்பாங்க, இன்னார் இருக்காரான்னு. அந்த ஆளே வந்தாத்தான் பேச்சுக்குக் காசு. இல்லைன்னு சொல்லிட்டா வெச்சிருவாங்க. ஆளில்லாத நேரத்துல காசு வீணாப் போவாது பாருங்க."

"இன்னொருக்கா சொல்லுங்க."

காமாட்சி வரி மாறாமல் இன்னொருக்கா சொன்னாள். ஐயாக்கண்ணு தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார். ஆள் இல்லை என்றால் காசு இல்லை. ஆனால் பேர் மட்டும் இங்கே வந்து சேர்ந்துவிடுகிறதே! அப்படியானால் பேரையே சேதியாக்கினால் என்ன? தன் மூளையைத் தானே சந்தேகப்பட்டு, இதில் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று வாழவந்தி வரை யோசித்துக்கொண்டே போனார்.

மறுநாள் சித்தனை மட்டும் காபிச் செடிகளுக்குள் கூட்டிப்போனார். பின்னாலேயே வந்த நாயைக்கூட விரட்டிவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "எல்லாம் நெசம்னா வெள்ளையனைக் கேளு. வெள்ளைன்னா வெளிச்சம். மோசம்னா அம்மாசியைக் கேளு. அம்மாசின்னா இருட்டு. ரெண்டு பேருமே அங்க இருக்கமாட்டாங்க. காசும் போவாது. இன்னொருக்கா சொல்லு."

சித்தன் சொன்னான். தம்பிக்கும் சொல்லக் கூடாது, அம்மாவுக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். காமாட்சியிடம், "பையன் சிநேகிதக்காரங்க யாரையாச்சும் கேப்பான். அவங்க எல்லாம் ஊர்ல இல்லீங்க. இல்லைன்னு சொல்லிட்டு, யாரைக் கேட்டான்னு பஸ்ல சொல்லியனுப்புங்க" என்று பாதி பொய்யும் பாதி உண்மையுமாகச் சொல்லிவைத்தார். அதோடும் விடவில்லை. இரண்டு நாள் மெஸ் மூலையில் டீக்கு மேல் டீ குடித்தபடி, சாப்பிட வருகிறவர்களின் பேரையெல்லாம் காதில் வாங்கினார். மலையில் அமாவாசையன்று பிறந்த பிள்ளைக்கு அம்மாசி என்று பேர் வைப்பது வழக்கம். வீதிக்கு ஓர் அம்மாசி இருப்பான். ஆனால் அந்த மெஸ்ஸில் ஒருத்தனும் இல்லை. அப்புறம்தான் அவருக்கு நிம்மதி.

சித்தன் புறப்பட்ட அன்று ஊரே பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தது. அப்பன் வரவில்லை. மிளகுக்கொடி கட்ட வேண்டும் என்று அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "பெத்தவரு இப்படியா கல்லா இருப்பாரு" என்று கண்ணம்மாள் அழுதாள். அன்று மிளகுக்கொடி எதையும் யாரும் கட்டிய மாதிரி தெரியவில்லை.

முதல் மாதம் போன் இல்லை. இரண்டாம் மாதமும் இல்லை. ஐயாக்கண்ணு வாரத்துக்கு மூன்று தடவை மெஸ்ஸுக்குப் போய் வந்தார்.

"ஒன்னும் வரலீங்க."

"இன்னொருக்கா சொல்லுங்க."

"ஒன்னும் வரலீங்க. வந்தா நான் என்ன முழுங்கிருவனுங்களா?" என்று காமாட்சிக்கே கோபம் வந்துவிட்டது. ஐயாக்கண்ணுவுக்கு அந்தக் கோபத்தின் மேல் ஒரு சந்தேகம். ஏஜென்ட் இவளிடம் ஏதாவது சொல்லி வைத்திருப்பானோ? கம்பத்துக்குக் கம்பம் போன் கம்பியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஊட்டுக்கு நடந்தார்.

மூன்றாம் மாதம் கடுதாசி வந்தது. சித்தன் கையெழுத்துதான். சடையன் சத்தமாகப் படித்தான். "இங்கு அனைவரும் நலம். வேலை மிகவும் நன்றாக உள்ளது. தம்பியை உடனே அனுப்பி வைக்கவும்."

சடையன் துள்ளிக் குதித்தான். கண்ணம்மாள் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். ஐயாக்கண்ணு கடுதாசியை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே. நாயைப் பத்திக் கேக்கலையே. இது அவன் கையி, அவன் பேச்சு இல்ல" என்றார்.

"உங்களுக்குக் கடவுளே வந்து சொன்னாலும் ஆதார் கேப்பீங்க" என்று சொல்ல அந்தக் காலத்தில் ஆதார் கிடையாது. அதனால் கண்ணம்மாள், "உங்களுக்குக் கடவுளே வந்து சொன்னாலும் இன்னொருக்கா சொல்லச் சொல்லுவீங்க" என்றாள்.

ஏஜென்ட் நாள் குறித்துவிட்டான். வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் சடையன் சேலம் வந்துவிட வேண்டும். வராவிட்டால் அந்த இடம் பங்காளி பெருமாளின் மகனுக்குப் போய்விடும். பெருமாளும் அதற்காக வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தார். சடையன் புதுப் பெட்டி வாங்கி, சட்டைகளை மடித்து மடித்து அடுக்கினான். இரண்டு பிள்ளைகளில் ஒருத்தனை ஏற்கெனவே இருட்டுக்குள் விட்டாயிற்று. அடுத்தவனையும் விடுவதா வேண்டாமா என்பதைச் சொல்ல வேண்டிய போன் இன்னும் வரவில்லை. வீட்டில் யாருக்கும் அதைச் சொல்லவும் முடியவில்லை.

"புதங்கிழமை பொழுது சாயற வரைக்கும் பொறு" என்று மட்டும் சொன்னார். எதற்கு என்று சடையன் கேட்டான். அவர் நாயைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சடையன் பெட்டியை ஓங்கி மூடினான்.

புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு ஜீப் வந்து வாசலில் நின்றது. காக்கிச் சட்டை போட்ட குட்டையான ஆள் ஒருத்தன் இறங்கினான். வலது கைவிரல்களில் சாம்பார் காய்ந்து ஒட்டியிருந்தது.

"ஏனுங்க, ஐயாக்கண்ணுங்கறது நீங்கதானுங்களா?"

"நீ யாரு?"

"ஊரு வெள்ளக்கடைங்க. எஸ்டேட் ஜீப் ஓட்டறனுங்க. பேரு அம்மாசி."

ஐயாக்கண்ணுவின் முகத்தில் ஈயாடவில்லை. நாயைக்கூட விரட்டிவிட்டுச் சொன்ன பேர், காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறது. யார் சொன்னது? சித்தன் உளறிவிட்டானா? காமாட்சி கண்டுபிடித்துவிட்டாளா? இல்லை, பெருமாள் தன் மகனுக்கு இடம் பிடிக்க ஆளைத் தேடிப் பிடித்து அனுப்பியிருக்கிறாரா?

"உன்னைய யாரு அனுப்பினது?"

"உங்க பையனுங்க. போன்ல பேசினாருங்க."

"எம் பையன் உங்கிட்ட எதுக்குப் பேசறான்?"

"அதுதானுங்க எனக்கும் வெளங்கல!" என்று அம்மாசி கைகளை விரித்தான். "காமாட்சியக்கா மெஸ்ஸுல சாப்புட்டுக்கிட்டிருந்தனுங்க. இந்த மாசந்தான் அங்க கணக்கு வெச்சிருக்கன். அக்கா அடுப்புல இருந்தாங்க. போன் அடிச்சுது. யாராச்சும் எடுங்கப்பான்னாங்க. நான் எடுத்தன். மஸ்கட்ல இருந்து பிப்பீ கால், அம்மாசி இருக்காரான்னு ஒரு பொம்பளை கேட்டாங்க. நான்தானுங்கன்னு சொன்னன். பொய் சொல்லலீங்களே! பேசுங்கன்னு சொல்லிட்டாங்க."

உள்ளேயிருந்து கண்ணம்மாளும் சடையனும் வெளியே வந்துவிட்டார்கள்.

"அந்தப் பக்கம் ஒருத்தர் அலோ அலோன்னு பதறினாருங்க. 'ஐயோ, நீங்க எதுக்குங்க எடுத்தீங்க, காசு போச்சே'ன்னாரு. அம்மாசின்னு கேட்டீங்க, நான்தான் அம்மாசின்னன். அழுதாரோ சிரிச்சாரோ தெரியல. அப்புறம், சரி, காசு போனது போச்சு, சொல்றதக் கேட்டுக்குங்கன்னு கடகடன்னு சொன்னாரு. ஓட்டலும் இல்லையாம், தோட்டமும் இல்லையாம். கல்லு ஒடைக்கிற எடமாம். பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வெச்சுக்கிட்டாங்களாம். கடுதாசி அவங்க சொல்லச் சொல்ல எழுதினதாம். டவுனுக்கு இன்னிக்குத்தான் விட்டாங்களாம். தம்பி வரவேண்டாம், எக்காரணம் கொண்டும் வரவேண்டாம்னு மூணு தடவை சொன்னாருங்க."

கண்ணம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னொருக்கா சொல்லு" என்றார் ஐயாக்கண்ணு.

அம்மாசி சொன்னான். ஐயாக்கண்ணு ஒவ்வொரு வார்த்தையாகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். ஓர் இடத்தில் 'பூட்டி வெச்சுக்கிட்டாங்க' என்றது 'புடுங்கி வெச்சுக்கிட்டாங்க' என்று வந்தது.

"மொதல்ல பூட்டின்னு சொன்ன. இப்பப் புடுங்கின்னு சொல்ற. எது நெசம்? பெருமாள் உனக்கு என்ன குடுத்தாரு?"

"எந்தப் பெருமாளுங்க?" அம்மாசிக்கு முகம் சிவந்துவிட்டது. "சோத்தைப் பாதியில வெச்சுட்டு, கையைக்கூடக் கழுவாம, எஸ்டேட் ஜீப்பை எடுத்துக்கிட்டு வந்திருக்கனுங்க. தொரைக்குத் தெரிஞ்சா வேலை போயிரும். எனக்கு வேணுமுங்க!"

விருட்டென்று திரும்பி ஜீப்பில் ஏறிவிட்டான். சடையனும் உற்சாகமாகி, "இந்த ஆளு சும்மா பொய் சொல்றான்ப்பா. அண்ணன்தான் கடுதாசி போட்டிருக்குதே" என்றான். ஐயாக்கண்ணு தடுமாறினார். கடுதாசியையும் நம்பவில்லை, இவனையும் நம்பமுடியவில்லை. நாளைக் காலையில் பஸ் வரும். எதையாவது ஒன்றை நம்பித்தான் தீர வேண்டும். வாழ்நாளில் அப்படி ஒரு கட்டாயம் அவருக்கு வந்ததே இல்லை.

ஜீப் உறுமியது. பிறகு நின்றது. அம்மாசி இறங்கி வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"உங்க பையன் கடைசியா ஒன்னு சொன்னாருங்க. பொம்பளைங்க முன்னாடி வேண்டாமுன்னுதான் விட்டன். 'எங்கப்பன் உங்களை நம்பமாட்டாரு. அப்ப இதைச் சொல்லுங்க'ன்னாரு. அவரு பொறப்பட்ட அன்னிக்கு பஸ் மொத வளைவுல திரும்பினப்ப, நீங்க சில்வர் ஓக் மரத்துக்குப் பொறவால நின்னீங்களாம். துண்டை வாயில வெச்சு அடைச்சுக்கிட்டு அழுதீங்களாம். பாத்துட்டாருன்னு தெரிஞ்சா உங்களுக்குச் சங்கட்டமா இருக்கும்னு மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாராம்."

அந்த மரத்துக்குப் பின்னால் நின்றது தனக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும் என்று ஐயாக்கண்ணு இத்தனை நாள் நினைத்திருந்தார். சுற்றியிருந்த அத்தனை பேரையும் வாழ்க்கை முழுக்க வேவு பார்த்தவரை ஒரு பிள்ளை பார்த்துவிட்டு, பார்த்ததை மறைத்தும் இருக்கிறான். அரை மாசச் சம்பளத்துப் பேச்சில் கடைசி அரை நிமிஷத்தை இதற்குச் செலவழித்திருக்கிறான்.

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். எடுத்தது தெரிந்ததும் மறுபடி போட்டுக்கொண்டார். "உள்ள வாங்க" என்றார் அம்மாசியிடம். அவர் புது ஆளை 'வாங்க' என்று கூப்பிட்டுக் கண்ணம்மாள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சடையா, பெட்டியைப் பிரி."

"அப்பா..."

"பிரி கண்ணு. நாளைக்கு மொத பஸ்ல சேலம் போறது நான். அந்த ஏஜென்ட்டோட சட்டையைப் பிடிச்சு எம் பையனுக்கு வழி கேக்கறன். அதுக்கு முன்னாடி பெருமாள் ஊட்டுக்கும் போய்ச் சொல்லிட்டு வரணும், அவரு பையனையும் அனுப்ப வேண்டாமுன்னு. அவரு என்னைய நம்பமாட்டாரு. நம்பற வரைக்கும் சொல்லணும்."

சடையன் பெட்டியைத் திறந்தான். சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தான். கண் கலங்கியிருந்தது, அண்ணனுக்காகவா, போகமுடியாமல் போனதற்காகவா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. கண்ணம்மாள் அம்மாசிக்குக் கை கழுவத் தண்ணீர் கொடுத்து, சோறு போட்டு, பின்னாலேயே காபியும் கொண்டுவந்து வைத்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை ஐயாக்கண்ணு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

காபி டம்ளரைக் கீழே வைத்ததும், "இன்னொருக்கா சொல்லுங்க" என்றார்.

அம்மாசி திகைத்துப்போனான். "ஏனுங்க, இன்னுமா நம்பல?"

"அந்தாளை விடுங்களேன். பெத்த பிள்ளை அங்க கல்லு ஒடைக்குது, இங்க இன்னும் விசாரணையா?" என்று கண்ணம்மாள் சீறினாள்.

"சந்தேகமில்ல புள்ள" என்றார் ஐயாக்கண்ணு. "நீங்க சொல்லுங்க. அலோன்னு ஆரம்பிச்சானே, அங்கிருந்து சொல்லுங்க. அவன் எப்படிப் பேசினானோ அப்படியே சொல்லுங்க."

அம்மாசி இடது கையைப் போன் மாதிரி காதில் வைத்துக்கொண்டு, "அலோ, அலோ..." என்று முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்தத் தடவை நாலைந்து வார்த்தை மாறித்தான் வந்தது. ஐயாக்கண்ணு ஒன்றும் சொல்லவில்லை.